கறையும் கழுவாயும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, பழைய கிரேக்கர்கள் சாவு வீட்டு வாசலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களைத் தனியே எடுத்து வைத்தேன். அவற்றில் ஒன்று என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அதனால் இந்த முறை தீட்டு, சுத்தி, பரிகாரம் இவற்றுக்குக் கிரேக்கர் வைத்திருந்த சொற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தக் கடிதத்துக்கான பதில் கடைசியில் இருக்கிறது.

எனக்குக் கிரேக்கம் எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பவர்களுக்கு: 1974இல் செண்பகனூரில் தமிழாசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வயதான பாதிரியார் சனிக்கிழமைதோறும் எனக்கும் இன்னொரு ஆசிரியைக்கும் கற்றுக்கொடுத்தார். யேசு சபையாரின் கல்லூரி 1895இலிருந்து இருக்கும் ஊர் இது. அங்கே கிரேக்க அகராதிக்குப் பஞ்சமில்லை. ஆறு வருடம் படித்தேன். அப்புறம் இன்றுவரை தினமும் அரை மணி நேரம் படிக்கிறேன்.

கேள்வி: சாவு வீட்டுத் தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். நம்முடைய தீட்டும் கிரேக்கர்களின் 'மியாஸ்மா'வும் ஒன்றுதானா?
– கல்லூரி ஆசிரியை, வத்தலக்குண்டு

தாத்தா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. மார்கழி மாதம். பாட்டி வாசலில் பித்தளை அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, மஞ்சள் கரைத்து, ஒரு வேப்பங்கொத்தைப் போட்டிருந்தார். கொடைக்கானல் குளிரில் வேம்பு வளராது. அந்தக் கொத்து உங்கள் ஊரிலிருந்துதான் காலை பஸ்ஸில் வந்தது. துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் அதில் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது.

கிரேக்க வீட்டிலும் இதேதான். வாசலில் வைக்கும் பாத்திரத்துக்கு 'அர்தானியோன்' என்று பெயர். அதில் ஊற்றும் தண்ணீரை வேறொரு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், ஏனென்றால் செத்தவர் வீட்டுத் தண்ணீரும் தீட்டு. நமக்குச் சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது போல அவர்களுக்குத் தண்ணீர் வந்தது. இதை முதன்முதலில் படித்த சனிக்கிழமை, வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பாட்டியின் அண்டாவே கண்ணில் நின்றது.

ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வழி பிரிகிறது. 'மியாஸ்மா' என்பது 'மியைனோ' என்ற வினையிலிருந்து வருகிறது. அதற்குக் கறைப்படுத்துவது என்று பொருள். சாயம் ஏற்றுவதையும் அதே வினையால் சொல்வார்கள். ஹோமர் என்ற பழைய கவியின் போர்க் காவியமான இலியத்தின் நான்காம் பாகத்தில் மெனலாவுஸ் என்ற கிரேக்க அரசன் மீது அம்பு பட்டு, ரத்தம் தொடையிலும் கெண்டைக்காலிலும் வழிகிறது. அந்த இடத்தில் ஹோமர் ஒரு உவமை சொல்கிறார். குதிரையின் கன்னத்தில் அணிவிக்கும் தந்தத் தகட்டுக்கு ஒரு பெண் செஞ்சாயம் ஏற்றுகிறாள், அதுபோல இருந்ததாம் அந்த ரத்தம். சாயத்துக்கும் ரத்தத்துக்கும் அங்கே ஒரே வினைதான். கிரேக்கர் மனத்தில் தீட்டு என்பது மேலே படிந்த நிறம். படிந்ததைக் கழுவலாம்.

நம்முடைய 'தீட்டு'க்கு வேர் 'தீண்டு'. தொடுவதுதான் அங்கே விஷயம். கறை என்றால் எங்கிருந்து வந்தது, எப்போது போகும் என்ற கேள்வி கூடவே வரும். தொடுவது என்றால் யார் யாரைத் தொடக்கூடாது என்ற கேள்விதான் வரும்.

கிரேக்கரும் பிறப்பையும் இறப்பையும் தீட்டு என்றார்கள். சைரீன் நகரத்துக் கல்வெட்டு ஒன்று, பிள்ளை பெற்ற வீட்டுக்குள் இருந்தவருக்கு மூன்று நாள் தீட்டு என்று கணக்குச் சொல்கிறது. அப்பொல்லோ கடவுளின் புனிதத் தீவான டீலோஸில் கொடுமையாகவே போனார்கள். கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அகற்றி, இனி யாரும் அந்தத் தீவில் பிறக்கவும் கூடாது சாகவும் கூடாது என்று விதித்தார்கள். சாகக் கிடப்பவர்களையும் நிறைமாதப் பெண்களையும் பக்கத்து ரெனையா தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். வலியெடுத்த பெண்ணைப் படகில் ஏற்றுவதைப் படிக்கும்போது, ரோடு இல்லாத நம் மலைக்கிராமங்களில் டோலி கட்டித் தூக்கிவரும் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நாம் தூக்குவது அவள் பிழைக்க. அவர்கள் தூக்கியது தீவு சுத்தமாக இருக்க. இதில் நான் கிரேக்கர் பக்கம் நிற்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய பழங்கதையில், தாயைக் கொன்ற ஓரெஸ்டெஸ் ஏதென்ஸுக்கு வந்தான். விருந்தாளியை விரட்டவும் முடியாது, அவனோடு ஒரே கலத்தில் குடிக்கவும் முடியாது. அதனால் அன்று எல்லோருக்கும் ஆளுக்கொரு குடுவை கொடுத்தார்களாம். ஏதென்ஸ்காரர்கள் வருடாவருடம் ஒரு விழாவில் தனித்தனிக் குடுவையில் திராட்சை ரசம் குடித்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். என் இளமையில் காட் ரோட்டில் ஒரு டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் இருந்தது. கண்ணாடி டம்ளர் ஒரு சாராருக்கு, வெளியே ஆணியில் தொங்கிய தகர டம்ளர் இன்னொரு சாராருக்கு. ஓரெஸ்டெஸ் கொலை செய்தவன். அப்படியும் அவன் ஒருவனை மட்டும் தனியாகக் காட்டக்கூடாது என்று எல்லோரும் தனிக் குடுவை எடுத்தார்கள். அந்தத் தகர டம்ளரில் குடித்தவர்கள் யாரையும் கொல்லவில்லை. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஒன்றில்லை. அண்டாத் தண்ணீர் வரைக்கும் ஒன்று, டம்ளருக்கு வரும்போது ஒன்றே இல்லை.

கேள்வி: கிரேக்கர்கள் எதை வைத்துச் சுத்தி செய்தார்கள்?
– பூண்டு விவசாயி, பூம்பாறை

உங்களுக்குத் தெரிந்த பொருளிலிருந்தே தொடங்குகிறேன். பட்டாணியில் சாம்பல் நோய் கண்டால் நனையும் கந்தகம் அடிப்பீர்கள் அல்லவா? ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், அதன் நாயகன் ஒடிசியஸ் தன் வீட்டில் அத்துமீறியவர்களைக் கொன்று முடித்ததும் கிழத் தாதியிடம் கேட்பது கந்தகமும் நெருப்பும்தான். கந்தகத்தை 'தீமைகளுக்கு மருந்து' என்று அழைக்கிறான். கூடத்துக்கும் முற்றத்துக்கும் புகை போடுகிறான்.

அடுத்து கடல் நீர். எலியூசிஸ் என்ற ஊரின் மறைச்சடங்கில் சேர வந்தவர்களை ஒரு நாள் 'கடலுக்கு' என்று கூவி அழைத்துப் போவார்கள். ஆளுக்கொரு பன்றிக்குட்டியோடு கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும். 'மனிதரின் தீமைகளையெல்லாம் கடல் கழுவிவிடும்' என்று யூரிபிடீஸின் நாடகத்தில் ஒரு வரி உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீரைத் தீர்த்தக் காவடியாகச் சுமந்து பழனிக்கு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நம் ஆட்கள் தண்ணீரைச் சாமியிடம் கொண்டுபோகிறார்கள், அந்த ஆட்கள் தண்ணீரிடம் தாங்கள் போனார்கள்.

அப்புறம் நரிவெங்காயம். அதன் கிரேக்கச் சொந்தக்காரச் செடியை 'ஸ்கில்லா' என்பார்கள். ரொம்பவும் பயப்படுகிற மனிதன் ஒருவனைப் பற்றி எழுதும் தியோஃபிராஸ்டஸ், அவன் பூசாரிப் பெண்களைக் கூப்பிட்டு நரிவெங்காயத்தால் தன்னைச் சுற்றிச் சுத்தி செய்யச் சொல்வான் என்கிறார்.

பன்றி ரத்தமும் உண்டு. கொலை செய்தவன் கையில் பன்றிக்குட்டியின் ரத்தத்தை ஊற்றி, பிறகு கழுவுவார்கள். இதை எபேசு ஊர்த் தத்துவஞானி ஹெராக்ளைட்டஸ் அப்போதே கேட்டுவிட்டார்: ரத்தக் கறையை ரத்தத்தால் கழுவுவது, சேற்றை மிதித்தவன் சேற்றால் கால் கழுவுவது போலத்தானே? எபிதோரஸ் கோவில் வாசலிலும் ஒரு வாசகம் இருந்ததாகப் பழைய ஆசிரியர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். மணம் கமழும் கோவிலுக்குள் நுழைபவர் தூயவராக இருக்க வேண்டும், தூய்மை என்பது புனிதமானவற்றை நினைப்பதே என்று அது சொல்கிறது. 'புறந்தூய்மை நீரான் அமையும்' என்ற குறளை நடத்தும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்வேன்.

கேள்வி: 'கதார்சிஸ்' என்றால் உணர்ச்சி வெளியேற்றம் என்று பாடத்தில் இருக்கிறது. அது சரியா?
– நாடகம் படிக்கும் மாணவர், திண்டுக்கல்

தேர்வில் அப்படியே எழுதிவிடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தச் சொல் எத்தனை இடத்தில் வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவர்களிடம் அது பேதி கொடுத்து வயிற்றைக் கழுவுவது. பூசாரியிடம் அது தீட்டுக் கழிப்பது. அரிஸ்டாட்டில் கவிதையியல் நூலின் ஆறாம் அத்தியாயத்தில், இரக்கத்தாலும் அச்சத்தாலும் நடக்கும் கதார்சிஸ் என்று சொல்லிவிட்டு விளக்காமல் போய்விடுகிறார். 1857இல் யாக்கோப் பெர்னைஸ் என்ற ஜெர்மன் அறிஞர் இது மருத்துவச் சொல்தான் என்று வாதாடினார். உங்கள் பாடப்புத்தகத்தின் 'வெளியேற்றம்' அந்த வழியில் வந்தது. அதே நூலில் பதினேழாம் அத்தியாயத்திலும் கதார்சிஸ் வருகிறது. அங்கே அது ஓரெஸ்டெஸுக்குச் செய்யும் தீட்டுக் கழிப்பு. இதையும் மனத்தில் வையுங்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது இடம், தோட்டம். 'கதைரோ' என்ற அதே வினைக்குக் கொடியைக் கழித்துவிடுவது என்றும் பொருள் உண்டு. அதாவது கவாத்து. யோவான் 15இல் திராட்சைக் கொடியைப் பற்றி வரும் வசனத்தில் இந்த வினைதான் இருக்கிறது. ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு 'சுத்தம்பண்ணுகிறார்' என்கிறது, இன்னொன்று 'கழித்துவிடுவார்' என்கிறது. இரண்டும் சரி. (ஒலி கொஞ்சம் ஒத்துப்போவதால் கவாத்துக்கும் கதார்சிஸுக்கும் உறவு கொண்டாட வேண்டாம். ஒருவர் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் உழைப்பை மதிக்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை.)

என் வீட்டுக்குப் பின்னால் அப்பா வைத்த பேரி மரங்கள் ஏழு நிற்கின்றன. மார்கழியில் இலை கொட்டியதும் கவாத்து. அழுகிய கிளையை வெட்டுவது சுலபம். நன்றாக இருக்கிற கிளையையும், வெளிச்சத்தை மறைக்கிறது என்று வெட்ட வேண்டியிருக்கும்போதுதான் கை தயங்கும். இரக்கமும் அச்சமும் கெட்ட சரக்கு, பேதி மாதிரி வெளியே போக வேண்டும் என்று அரிஸ்டாட்டில் நினைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. மண்டிப் போனதைக் கழித்து, இருக்க வேண்டியதை இருக்க வைப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இது என் கருத்து மட்டும்.

கேள்வி: ஒரு வேதாகமத்தில் 'கிருபாதாரபலி', இன்னொன்றில் 'கழுவாய்'. மூலத்தில் என்ன சொல்?
– உபதேசியார், பெருமாள்மலை

யோவானின் முதல் நிருபத்தில் இருப்பது 'ஹிலாஸ்மோஸ்'. அதோடு பிறந்த இன்னொரு சொல் 'ஹிலாஸ்தேரியோன்'. உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்கு, நீங்கள் கிருபாசனம் என்று வாசிப்பதற்கு, அதுதான் பெயர். இரண்டுக்கும் அடியில் இருப்பது 'ஹிலாஸ்கோமை' என்ற வினை. அதன் பழைய பொருளில் கழுவுவது கிடையாது. கோபமாக இருப்பவரின் முகத்தை மலர வைப்பது என்று பொருள். 'கிருபை' என்ற சொல்லைப் பிடித்தவர்கள் இந்த வேரைப் பிடித்தார்கள். 'கழுவாய்' நம் பழைய சொல், அழகான சொல். 'வழுவாய் மருங்கில் கழுவாயும் உள' என்று புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் பாடுகிறார். எனக்குக் கழுவாய்தான் பிடிக்கும். ஆனால் அது கறையைப் பார்க்கிறது, முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், இலியத்தின் முதல் பாகத்தைப் பாருங்கள். கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னோன் அப்பொல்லோவின் பூசாரி ஒருவரின் மகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, மீட்க வந்த தகப்பனை அவமானப்படுத்தி அனுப்புகிறான். பூசாரி வேண்டிக்கொள்ள, அப்பொல்லோ கொள்ளைநோயை அனுப்புகிறான். பிறகு இரண்டு காரியம் நடக்கிறது. படை முழுக்கக் குளித்து, கழுவிய அழுக்கைக் கடலில் எறிகிறார்கள். அதற்கு ஒரு சொல். இன்னொரு பக்கம் ஒரு கப்பலில் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டுபோய்த் தகப்பன் கையில் ஒப்படைக்கிறார்கள். அதே தகப்பன் கை தூக்கி, நோயை நிறுத்தச் சொல்லி வேண்டுகிறார். அப்புறம் இளைஞர்கள் பொழுது சாயும் வரை பாடிக் கடவுளை மனம் குளிர வைக்கிறார்கள். அங்கேதான் ஹிலாஸ்கோமை வருகிறது. குளித்ததோடு நோய் போகவில்லை. மகள் வீடு திரும்ப வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்க வேண்டியிருந்தது.

நாம் இரண்டையும் 'பரிகாரம்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறோம். தயவுசெய்து உங்கள் பிரசங்கத்தில் அவிழ்த்துக் காட்டுங்கள்.

கேள்வி: பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று எழுதியிருக்கும் ஒரு ஓட்டுநர்

கடிதத்தின் சுருக்கம்: மலைப்பாதையில் வேன் ஓட்டுகிறார். ஒரு விடியற்காலை, மூடுபனியில், வளைவில் ரோட்டைக் கடந்த ஒருவர் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார். வழக்கில் ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று முடிந்துவிட்டது. மூன்று வருடம் ஆகிறது. ராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டார். 'டீச்சர், தண்ணி ஊத்தினா போகல. இதுக்கு அந்த மொழியில ஏதாவது வார்த்தை இருக்கா' என்று கேட்கிறார்.

இருக்கிறது தம்பி. 'அகூசியோஸ் போனோஸ்', மனமறியாமல் நேர்ந்த கொலை. சட்டம் தப்பில்லை என்று சொன்னாலும் மனம் ஒத்துக்கொள்ளாத இந்த நிலையை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு போட்டியில் ஈட்டி எறிந்தபோது தவறிப் பட்டு ஒருவன் செத்துப்போனான். குற்றம் எறிந்தவன் மீதா, ஈட்டி மீதா, போட்டி நடத்தியவர்கள் மீதா என்று ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸும் தத்துவஞானி புரோத்தகோரஸும் ஒரு நாள் முழுக்கப் பேசினார்களாம். அந்தப் பேச்சுக்காகப் பெரிக்ளீஸைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. நீங்கள் மூன்று வருடமாகத் தனியாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்: பனியா, பிரேக்கா, நானா.

ஏதென்ஸில் டிராக்கோன் எழுதிய கொலைச் சட்டத்தை கி.மு. 409இல் மறுபடி கல்லில் வெட்டினார்கள். அறியாமல் கொன்றவன் ஊரைவிட்டுப் போக வேண்டும். இறந்தவரின் தகப்பன், சகோதரன், மகன்கள் எல்லோரும் சம்மதித்தால் திரும்பலாம். ஒருவர் மறுத்தாலும் முடியாது. அந்தச் சம்மதத்துக்குப் பெயர் 'ஐதெசிஸ்'. அது 'ஐதோஸ்' என்ற சொல்லோடு பிறந்தது. வெட்கம், மரியாதை, எதிரில் நிற்பவரைப் பார்த்து மனம் இளகுவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள். குடும்பம் இளகிய பிறகுதான் அவன் ஊருக்குள் வருவான். வந்த பிறகுதான் பலியும் தண்ணீரும். நீங்கள் தண்ணீரில் தொடங்கிவிட்டீர்கள்.

அந்தக் குடும்பத்தை இதுவரை பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயமாக இருக்கும். முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம், வரலாமா என்று கேட்டு அனுப்புங்கள். பணத்தோடு போகாதீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால், மறுப்பது அவர்கள் உரிமை, திரும்பி வந்துவிடுங்கள். கேட்டனுப்பியதே வீண் போகாது.

தூக்கமில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். வரலாறு எழுதிய ஹெரொடோட்டஸ் சொல்லும் அத்ராஸ்டஸ் என்பவன், தன் சகோதரனை அறியாமல் கொன்றுவிட்டு, லிடியா அரசன் குரோசஸின் வாசலில் வந்து நின்றான். பின்னாளில் அவன் கையாலேயே, வேட்டையில் தவறிப்போய், குரோசஸின் மகனும் செத்தான். குரோசஸ் அதையும் மன்னித்தார். அத்ராஸ்டஸ் தன்னை மன்னிக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இல்லை. உங்களுக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கதையின் தொடக்கத்தை மட்டும் உங்களுக்காக எடுத்துக்கொள்கிறேன். கறைபட்ட கையோடு வந்து நின்ற அந்நியனைக் குரோசஸ் முதலில் சடங்கு செய்து சுத்தப்படுத்தினார். நீ யார், எந்த ஊர், யாரைக் கொன்றாய் என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

உங்கள் கடிதத்தில் பெயர் இல்லை. என் முகவரி ஆசிரியர் குழுவிடம் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். மார்கழி முழுக்கக் கவாத்து வேலை, காலையில் தோட்டத்தில்தான் இருப்பேன். வாருங்கள். முதலில் டீ குடிப்போம், பெயரை அப்புறம் சொல்லுங்கள்.